வேலை இருக்கிறது மூணு கிலோமீட்டர்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க பேப்பர்ல போன வாரம் தனியார் வேலைவாய்ப்பு முகாம் நியூஸ் ஒண்ணு போட்டோவோட வந்துச்சு. பசங்களும் பொண்ணுங்களும் பணி ஆணைய நெஞ்சுக்கு நேரா புடிச்சிக்கிட்டு வரிசையா நிக்கிறாங்க. போன வருஷம் இதே மாதிரி ஒரு போட்டோல எங்க தங்கச்சி பையனும் நின்னான், முதல் வரிசையில, நீலச் சட்டை. அந்தப் பேப்பர் கட்டிங்க என் தங்கச்சி இன்னும் பீரோக்குள்ள வெச்சிருக்கா. ஆனா அவன் அந்த வேலையில இருந்தது மொத்தம் 25 நாள்தான். முகாம் அன்னிக்கு எத்தன பேருக்கு ஆர்டர் குடுத்தாங்கன்னு எல்லா பேப்பர்லயும் வருது, ஆறு மாசம் கழிச்சு அதுல எத்தன பேரு வேலையில நிக்கிறாங்கன்னு நான் எங்கயும் படிச்சதில்ல, அதுக்குத்தான் இந்த லெட்டர். கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்கோங்க.

நான் சென்னைல கண்ணகி நகர். 2000-ல எங்கள அடையாறு ஆத்தோரத்துல இருந்து லாரில சாமானோட ஏத்திக் கொண்டு வந்து இங்க விட்டாங்க, அப்போ எனக்கு 13 வயசு. அம்மா மயிலாப்பூர் பக்கம் நாலு வீட்டுல பாத்திரம் தேய்ச்சிட்டு இருந்தாங்க, இங்க வந்த அப்புறம் விடிகாலைல கெளம்பி ரெண்டு பஸ் மாறி போய்ப் பாத்தாங்க, கொஞ்ச நாள்ல நாலு வீடும் ஒண்ணொண்ணா போயிடுச்சு. எங்கள கொண்டாந்து விட்டது குடிசை மாற்று வாரியம், 2021-ல நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்னு பேரு மாத்துனாங்க. கண்ணகி நகரும் எழில் நகரும் சேந்து இன்னிக்கு 23,000 வீட்டுக்கு மேல, அங்கருந்து தெக்கால போனா பெரும்பாக்கத்துல கிட்டத்தட்ட அதே அளவுக்கு இன்னொரு ஊரு, 2015 வெள்ளத்துக்கு அப்புறம் ஆத்தோரத்துல இருந்த நெறைய சனங்கள அங்கதான் கொண்டு போய் வெச்சாங்க. இத ஏன் சொல்றேன்னா, சிட்டில வேலைவெட்டி கம்மியா இருக்கிற புள்ளைங்கள ஒரே எடத்துல இவ்ளோ பேரா சேத்து வெச்சா அந்தப் புள்ளைங்களுக்கு வேலைன்னு தனியா ஒரு யோசன பண்ணியிருக்கணும். வீட்டோட வேலை முடிஞ்சதுன்னு நெனச்சிட்டாங்க.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். எங்க தெருவுல இருந்து ஓஎம்ஆர், அதான் ஐடி கம்பெனிங்க இருக்கிற பழைய மகாபலிபுரம் ரோடு, நடந்து போற தூரம். நான் 20 வருஷமா அந்த ரோட்டுலதான் வேலை செய்யுறேன், ஹவுஸ்கீப்பிங்ல மாப் புடிச்சு ஆரம்பிச்சு இப்போ சூப்பர்வைசர். ஐடி பில்டிங்னா வெளிய இருந்து பாக்குறவங்களுக்கு கம்ப்யூட்டர் வேலை மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும், ஆனா அந்தக் கண்ணாடிக் கட்டடம் ஒரு நாள் ஓடணும்னா உள்ள எவ்ளோ வேலை இருக்கு தெரியுமா, ஏசி பிளான்ட்ல தண்ணிய குளுத்துற சில்லர் மிஷின பாக்குற ஆளு, ஒவ்வொரு மாடிலயும் குளுந்த காத்த அனுப்புற ஏஹெச்யூ மிஷினோட ஃபில்டர் கழட்டிக் கழுவுற ஆளு, டீசல் ஜெனரேட்டர் பாக்குற டிஜி ஆப்பரேட்டர், யூபிஎஸ் ரூம், ஈபி பேனல் பாக்குற எலக்ட்ரீஷியன், பிளம்பர், கழிவுத் தண்ணிய சுத்தம் பண்ற எஸ்டிபி ஆப்பரேட்டர், மூணு ஷிப்ட்டுக்கும் ஆளு வேணும், ராத்திரி ரெண்டு மணிக்கும் வேணும். எங்க லைன்ல இத டெக்னிக்கல் சைடுன்னு சொல்லுவோம். பத்தாவதோ ஐடிஐயோ படிச்ச பையன் போய் நிக்கக்கூடிய வேலை, கத்துக்கிட்டா வருஷா வருஷம் சம்பளம் ஏறும், எலக்ட்ரிக்கல்ல பி லைசன்ஸ், சி லைசன்ஸ்னு மேல போகலாம். நான் வேலை பாத்த அத்தன பில்டிங்லயும் ஹவுஸ்கீப்பிங்ல பாதிக்கு மேல எங்க ஏரியா பொம்பளைங்கதான், டெக்னிக்கல் சைடுல எங்க ஏரியா பையன நான் பாத்தது ரொம்ப ரொம்ப அபூர்வம். அவங்க எல்லாம் வேற மாவட்டத்துல இருந்து வந்து ரூம் எடுத்து தங்கி வேலை பாக்குறாங்க. அவங்களும் கஷ்டப்பட்டு வந்த புள்ளைங்கதான், அவங்கள தப்பா சொல்லல. ஆனா பக்கத்துல இருக்கிறவனுக்கு ஏன் அந்தக் கதவு தெறக்கல?

எங்க புள்ளைங்க படிக்கலன்னு சொல்றவங்க இருக்காங்க. முன்ன அது உண்மையா இருந்திருக்கலாம், இப்ப அப்படி இல்லைங்க. ஐஎல்ஓங்கிற சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2024-ல இந்தியா பத்தி ஒரு அறிக்கை விட்டுச்சு, வேலையில்லாதவங்கள்ல பத்தாவதோ அதுக்கு மேலயோ படிச்ச இளைஞருங்க 2000-ல 54 சதவீதமா இருந்தது 2022-ல 65 சதவீதத்தத் தாண்டிடுச்சுன்னு அதுல இருக்கு. படிச்சுட்டுத்தான் சும்மா இருக்கான். எங்க பிளாக்லயே டிகிரி முடிச்சுட்டு குரூப் 4-க்கு நாலாவது தடவ எழுதுற பொண்ணு இருக்கு, 2025-ல அந்தப் பரீட்சைக்கு முதல்ல அறிவிச்சது 3,935 இடம், விண்ணப்பம் போட்டது 13 லட்சத்துக்கு மேல. அந்தப் பொண்ண படிக்காதேன்னு சொல்ல எனக்கு மனசு வரல, ஆனா அத்தன லட்சம் பேருக்கு அந்த ஒரு வாசல்தான் கண்ணுக்குத் தெரியுதுன்றதுதான் எனக்கு பயமா இருக்கு.

தங்கச்சி பையன் கதைய சொல்றேன், எங்க மாதிரி ஏரியாவுல வேலை எப்படி கைவிட்டுப் போகுதுன்னு அதுல புரியும்.

அவன் ஐடிஐல ஏசி மெக்கானிக் ட்ரேட், ரெண்டு வருஷம், 2025-ல முடிச்சான். படிக்கும்போது அரசாங்கம் நல்லாதான் பாத்துக்கிச்சு, அத மறைக்கக்கூடாது. ஃபீஸ் கிடையாது, மாசம் 750 ரூபா உதவித்தொகை, ஃப்ரீ பஸ் பாஸ், 2024 ஆகஸ்ட்ல தமிழ்ப் புதல்வன் திட்டம் வந்ததும் அதுல ஒரு 1,000 ரூபா. முகாம்ல செலக்ட் ஆனான், ஒரகடம் பக்கம் ஒரு பேக்டரி, ட்ரெய்னி ஆப்பரேட்டர். அவன் படிச்ச ட்ரேடுக்கும் அந்த வேலைக்கும் சம்பந்தம் இல்ல, பரவால்ல மாமா மொதல்ல உள்ள போறேன்னான். செப்டம்பர் 22 ஜாயின் பண்ணான். அன்னிக்குத்தான் எங்களுக்குத் தெரிஞ்சது, அட்டண்டன்ஸ் கணக்கு 20-ம் தேதியோட முடியுமாம், 21-ல இருந்து அடுத்த மாசம் 20 வரைக்கும் பாத்த வேலைக்கு அதுக்கு அடுத்த மாசம் 7-ம் தேதி சம்பளம் போடுவாங்களாம். அப்படின்னா அவனுக்கு மொத சம்பளம் நவம்பர் 7. நடுவுல அக்டோபர் 20 தீபாவளி.

அந்த 46 நாள எப்படி ஓட்டுறது? சேஃப்டி ஷூ சொந்தக் காசுல வாங்கணும், 850 ரூபா. மெடிக்கல் ஃபிட்னஸ் சர்டிபிகேட்டுக்கு 500. அவன் ஆதார்ல இருந்த போன் நம்பர் அவங்க அப்பாவோட பழைய நம்பர், அது எப்பவோ கட் ஆயிடுச்சு, அத மாத்த ஒரு நாள், சேலரி அக்கவுண்ட் தெறக்க ஒரு நாள், ரெண்டு நாளும் லீவு போட்டான், சேந்த மொத மாசத்துலயே லீவான்னு லைன் லீடர் திட்டுனாராம். ஃபர்ஸ்ட் ஷிப்ட் காலைல ஆறு மணி, கம்பெனி பஸ் தாம்பரத்துக்கு நாலே முக்காலுக்கு வரும், எங்க ஏரியாவுக்குள்ள வராது. மூணே முக்காலுக்கு கண்ணகி நகர்ல இருந்து பஸ் ஏது, அதனால ஒரு ஃப்ரெண்டோட பைக்ல, பெட்ரோல் பாதி பாதி. ஐடிஐ முடிச்ச அன்னிக்கே ஃப்ரீ பாஸ் முடிஞ்சிடுச்சு, சிட்டி பஸ்சுக்கு மாசப் பாஸ் எடுக்கணும்னா 1,000 ரூபா மொத்தமா கட்டணும். என் தங்கச்சி வீட்டுல அப்போ குழு லோன் டியூ வாரா வாரம் போயிட்டிருந்துச்சு. நான் ஒரு 2,000 குடுத்தேன், அதுக்கு மேல எனக்கும் முடியல.

அக்டோபர் 16 ராத்திரி என் வீட்டுக்கு வந்தான். உள்ள வராம வாசப்படில உக்காந்து ஷூ லேச அவுத்துக்கிட்டே இருந்தான். மாமா, தி.நகர்ல துணிக்கடைல தீபாவளிக்கு லோடு எறக்க ஆளு கேக்குறாங்க, டெய்லி 700, சாயங்காலம் கைல குடுத்துருவாங்க, அம்மாவால சமாளிக்க முடியல, நான் நாளைல இருந்து போகலன்னான். நான் என்ன சொல்ல முடியும்? அவன் சோம்பேறியா? மூணரை மணிக்கு எந்திரிச்சு 25 நாள் போன புள்ள. தீபாவளி முடிஞ்சதும் திரும்பப் போன் பண்ணான், வேற ஆள் போட்டாச்சுன்னுட்டாங்க. வேலை பாத்த நாளுக்கான காசு வாங்கவே ரெண்டு தடவ அலைஞ்சான். இப்போ டெலிவரி ஓட்டுறான். இன்ஸ்டிடியூட் கணக்குல அவன் வேலை கிடைச்சவன், முகாம் கணக்குலயும் வேலை கிடைச்சவன்.

படிக்கிற வரைக்கும் குடுத்த பஸ் பாஸும் ஆயிரம் ரூபாயும் வேலைக்குப் போற மொத நாள்ல நின்னு போகுது, ஒரு ஏழைப் புள்ளைக்கு அது ரொம்பத் தேவைப்படுற நாளே அந்த நாள்தான். எம்ப்ளாய்மென்ட் ஆபீஸ்ல வேலையில்லாதோர் உதவித்தொகை இருக்கு, பத்தாவது பாஸுக்கு மாசம் 300, பன்னெண்டாவதுக்கு 400, டிகிரிக்கு 600. அது வாங்கணும்னா பதிஞ்சு வெச்சு அஞ்சு வருஷம் காத்திருக்கணும். அஞ்சு வருஷம் காத்திருந்தவனுக்கு உதவி இருக்கு, 46 நாளுக்குத் திக்கு இல்லாதவனுக்கு ஒண்ணும் இல்ல.

இது முடியாத காரியமும் இல்லைங்க. கிராமத்துப் புள்ளைங்களுக்கு 2014-ல டிடியு-ஜிகேஒய்னு மத்திய அரசு திட்டம் வந்துச்சு, தீனதயாள் உபாத்யாயா பேர்ல. ட்ரெய்னிங் முடிச்சு வேலையில சேந்தவனுக்கு அப்புறமும் மாசம் 1,000 ரூபா குடுக்கணும்னு அதோட விதியிலயே வெச்சாங்க, சொந்த மாவட்டத்துல வேலைன்னா ரெண்டு மாசம், மாநிலத்துக்குள்ளன்னா மூணு மாசம், வெளி மாநிலம்னா ஆறு மாசம். யாரோ நல்லா யோசிச்சு எழுதுன விதி. ஆனா அது கிராமத்துக்கு மட்டும். நாங்க சிட்டில இருக்கோம்னு கணக்கு, அதனால எங்களுக்குக் கெடையாது. அந்த ஒரு விதிய எங்க மாதிரி மறுகுடியமர்வு ஏரியா புள்ளைங்களுக்கும் மாநில அரசு கொண்டு வந்தா, மூணு மாசத்துக்கு ஒரு பஸ் பாஸும் ஆயிரம் ரூபாயும் போதும், ஒரு புள்ளைக்கு ட்ரெய்னிங் குடுக்க ஆகுற செலவ வெச்சுப் பாத்தா இது பெரிய காசே இல்ல.

காசு மட்டும்தான் பிரச்சனையான்னா அதுவும் இல்ல. அட்ரஸ் ஒண்ணு இருக்கு. இதே பையன் ஒரகடத்துக்கு முன்னாடி ஓஎம்ஆர்ல ஒரு பில்டிங்க்கு இன்டர்வியூ போனான், அவன் படிச்ச ஏசி வேலைக்கே. கூட நானும் போயி வெளிய உக்காந்திருந்தேன், கண்ணாடி ரூம், எல்லாம் தெரியும். அந்த சார் நல்லாதான் பேசிட்டிருந்தாரு, கேஸ் பிரஷர் பத்தி கேட்டாரு, இவனும் பதில் சொன்னான், பேப்பர்ல ஏதோ எழுதிக்கிட்டே வந்தாரு. ஆதார் ஜெராக்ஸ திருப்பி அட்ரஸப் பாத்தாரு, பேனாவ மூடி பாக்கெட்ல வெச்சாரு. அவ்ளோதான். சொல்லி அனுப்புறோம்னு சொன்னாங்க. எங்க ஏரியால இந்தப் பேனா மூடுறத பாக்காத பையனே கெடையாது. சில பேரு வேற ஏரியால இருக்கிற சொந்தக்காரங்க அட்ரஸ குடுத்து வேலை வாங்குறாங்க, அப்புறம் வெரிஃபிகேஷன்ல மாட்டி அதுவும் போகுது. தெருமுனைல நின்ன பசங்கள கும்பலா புடிச்சுட்டுப் போயி போட்ட பெட்டி கேஸ், 500 ரூபா கட்டுனா முடிஞ்சதுன்னு 18 வயசுல கையெழுத்து போட்டுட்டு வந்தது 22 வயசுல போலீஸ் வெரிஃபிகேஷன்ல வந்து நிக்குது. எங்க ஏரியால தப்பு நடக்கலன்னு நான் சொல்ல மாட்டேன், கஞ்சா இருக்கு, சண்ட இருக்கு, அதுக்கு எங்க வீட்டுப் புள்ளைங்களத்தான் நாங்க பலி குடுக்கிறோம். ஆனா 2025 அக்டோபர்ல பஹ்ரைன்ல ஆசிய இளையோர் போட்டில இந்தியா கபடில தங்கம் ஜெயிச்சப்போ அந்த டீம்ல எங்க கண்ணகி நகர் பொண்ணு கார்த்திகா இருந்துச்சு, அந்த வாரம் பூரா எல்லா சேனல்லயும் எங்க ஊர் பேரு நல்லவிதமா வந்துச்சு. அந்தப் பேர் ஒரு ஹெச்ஆர் மேஜை வரைக்கும் வந்து சேரணும்.

எங்க பொண்ணு காலேஜ்ல எக்கனாமிக்ஸ் படிக்குது, அது ஒரு விஷயம் சொல்லுச்சு. எத்தியோப்பியாவுல அடிஸ் அபாபான்னு தலைநகரம், அங்கயும் நம்மள மாதிரி சிட்டி ஓரத்துல ஒதுங்கிக் கெடக்குற பசங்க. ஆராய்ச்சி பண்றவங்க ஒரு குரூப்புக்கு வேலை தேடப் போக பஸ் காசு குடுத்தாங்களாம், இன்னொரு குரூப்புக்கு பயோடேட்டா எழுதவும் இன்டர்வியூ பேசவும் சொல்லிக் குடுத்து, டெஸ்ட் வெச்சு இவனுக்கு இன்ன திறமை இருக்குன்னு ஒரு சர்டிபிகேட்டும் குடுத்தாங்களாம். ரெண்டு குரூப்லயும் நிரந்தரமான வேலை கெடச்சவங்க கூடுனாங்க. நாலு வருஷம் கழிச்சுப் போய்ப் பாத்தா சர்டிபிகேட் குடுத்த குரூப்போட சம்பளம் நல்லா ஏறியிருந்துச்சு, பஸ் காசு மட்டும் வாங்குனவங்களுக்கு அந்தப் பலன் நிக்கலியாம். அதக் கேட்டப்போ எனக்கு அந்தப் பேனாதான் ஞாபகம் வந்துச்சு. பையன் யாருன்னு தெரியாம அட்ரஸ் மட்டும் தெரிஞ்சா பேனா மூடிக்கும், இவனுக்கு இது தெரியும்னு நம்புற ஒருத்தர் சொன்னா மூடாது. பஸ் காசு வேணாம்னு நான் சொல்லல, மொத சம்பளம் வரைக்கும் அது இல்லாம நடக்காது, ஆனா அத மட்டும் குடுத்துட்டு போயிடக்கூடாது.

நம்புறதுக்கு வழி சட்டத்துலயே இருக்கு. அப்ரன்டிஸ், அதாவது வேலைய பாத்துக்கிட்டே கத்துக்கிற ஆளு, அவங்களுக்கான சட்டம் 1961-ல போட்டது. 30 பேரும் அதுக்கு மேலயும் வேலை செய்யுற எந்த நிறுவனமா இருந்தாலும், காண்ட்ராக்ட் ஆளுங்களயும் சேத்து மொத்தத்துல 2.5 சதவீதத்துல இருந்து 15 சதவீதம் வரைக்கும் அப்ரன்டிஸ் எடுத்தே ஆகணும், 2019 விதி இது. அவங்களுக்குக் குடுக்கிற உதவித்தொகைல கால் பங்கு, 1,500 ரூபா வரைக்கும் மத்திய அரசே ஏத்துக்குது. ஓஎம்ஆர்ல இருக்கிற கம்பெனிங்களையும் பில்டிங் பராமரிக்கிற ஏஜென்சிங்களையும் கணக்கு பண்ணுங்க, அந்த 2.5 சதவீதமே எத்தன புள்ளைங்களுக்கு எடம். நான் பாத்த வரைக்கும் எடுக்கிறவங்க டிகிரியும் இன்ஜினியரிங்கும் படிச்சவங்களத்தான் எடுத்து கணக்க முடிச்சுக்கிறாங்க. அந்த எடத்துல ஒரு பங்கு, பில்டிங்க சுத்தி அஞ்சு கிலோமீட்டர்ல இருக்கிற குடியிருப்பு ஐடிஐ, பத்தாவது புள்ளைங்களுக்குன்னு மாவட்ட நிர்வாகம் கம்பெனிங்கள உக்கார வெச்சுப் பேசி வாங்கிக் குடுக்கலாம். ஒரு வருஷம் டெக்னிக்கல் டீமோட சுத்துனான்னா அவன் கைல அனுபவச் சான்றிதழ் இருக்கும், ரெண்டு வருஷ எக்ஸ்பீரியன்ஸ் கேக்குற எடத்துலயும் பாதி கெணறு தாண்டிருவான். நைட் ஷிப்ட்டுக்குக் கூட நடந்தே போயிடலாம், கம்பெனிக்கும் ஆள் லீவு போட்டா பக்கத்துல இருந்து கூப்பிடலாம், இது அவங்களுக்கும் லாபம்தான்.

பொண்ணுங்க பத்தி எழுதணும்னா தனி லெட்டர் வேணும். 2021 மே மாசத்துல இருந்து சாதா பஸ்ல பொம்பளைங்களுக்கு டிக்கெட் இல்ல, அதுக்கப்புறம் எங்க ஏரியா பொண்ணுங்க தைரியமா தூரத்துக்கு இன்டர்வியூ போறத நான் கண்ணால பாக்குறேன், பஸ் காசு எவ்ளோ பெரிய தடைன்றதுக்கு அத விட சாட்சி என்ன வேணும். ஆனா இருபது வயசுலயே கல்யாணம் ஆகி கைக்கொழந்தையோட இருக்கிற பொண்ணுங்க வேலைக்குப் போகணும்னா சாயங்காலம் ஏழு வரைக்கும் கொழந்தைய வெச்சுக்கிற ஒரு எடம் வேணும், அங்கன்வாடி அதுக்கு முன்னாடியே மூடிடுது.

இன்னும் ஒண்ணு. நான் முதல்வன் மாதிரி நல்ல திட்டங்க 2022-ல இருந்து நடக்குது, காலேஜ்ல இருக்கிற புள்ளைங்களுக்குப் பெரிய உதவி, என் பொண்ணே அதுல கோர்ஸ் படிச்சுது. பத்தாவதுல கணக்குல ஃபெயிலாகி நின்னவன், காலேஜ்ல அரியரோட வெளிய வந்தவன், இவங்களத் தேடி வீட்டுக்கு வந்து கதவ தட்டுற ஆள் வேணும். அப்படி எங்களுக்குள்ளயே ஆள் இருக்காங்க, ஹவுஸ்கீப்பிங்ல இருபது வருஷம் போட்ட அக்காங்க, எந்தப் பில்டிங்ல யார் நல்லவரு, எங்க ஆள் எடுக்கிறாங்கன்னு அவங்களுக்குத் தெரியும். நாப்பது அம்பது புள்ளைங்களுக்கு ஒரு அக்கான்னு போட்டு சம்பளம் குடுங்க. காலைல எழுப்பி விடுறதுல இருந்து சூப்பர்வைசர்கிட்ட பேசி சமாதானம் பண்றது வரைக்கும் மொத மூணு மாசம் அவங்க பாத்துப்பாங்க. அக்டோபர் 16 ராத்திரி எங்க பையனுக்கு இல்லாம போனது அந்த மாதிரி ஒரு ஆளு. மாமான்னு நான் இருந்தேன், ஆனா அந்தக் கம்பெனில யார்கிட்ட பேசணும்னு எனக்குத் தெரியல, 5,000 ரூபா அட்வான்ஸ் கேக்கலாமான்னு கூட எனக்குத் தோணல.

உங்ககிட்ட ஒரே ஒரு வேண்டுகோள் ஐயா. அடுத்த முகாம் நடக்கும்போது உங்க நிருபர் போட்டோ எடுக்கிறப்பவே அந்த வரிசைல நிக்கிற ஒரு பத்து பேர் போன் நம்பர வாங்கி வெச்சுக்கட்டும். ஆறு மாசம் கழிச்சு போன் பண்ணி கேக்கட்டும், வேலையில இருக்கியாப்பா, இல்லன்னா எந்த நாள்ல நின்ன, எதனால நின்ன. அவங்க என்ன சொன்னாலும் அத அதே பக்கத்துல, அதே அளவு எடத்துல போடுங்க. மூணே முக்காலுக்கு எங்க பசங்க எப்படிக் கெளம்பிப் போறாங்கன்னு பாக்கணும்னாலும் நிருபர அனுப்புங்க, மெயின் ரோட்டுல டீக்கடைகிட்ட நான் நிக்கிறேன்.

இப்படிக்கு,
கண்ணகி நகர் வாசகர்
சென்னை